"அப்பா வீட்ல இல்ல"

வணக்கம் மேடம்.

எனக்கு 41 வயது. பள்ளிபாளையத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறேன். மகன் ஆறாவது, மகள் மூன்றாவது படிக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு சொந்தமாக நாலு தறி போட ஆசைப்பட்டு வட்டிக்கு வாங்கினேன். தறி விற்றுப் போச்சு, கடன் அப்படியே நிற்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் வசூல்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் உள்ரூமுக்குப் போய்விடுவேன். மகன்தான் வாசலுக்குப் போய் "அப்பா வீட்ல இல்ல, தறிக்குப் போயிட்டாரு" என்பான். ஆரம்பத்தில் நான் சொல்லிக் கொடுத்தது. இப்போது சொல்லவே வேண்டாம், அவனே எழுந்து போய்விடுகிறான்.

போன வாரம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். ரேங்க் கார்டில் என் கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான். கணக்கில் 22 மார்க். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டை எடுத்துவிட்டேன். "எதுக்குடா பொய் சொன்ன?" என்று அடித்தபோது, "நீங்க சொல்லச் சொன்னா மட்டும் அது பொய் இல்லையாப்பா?" என்றான். அதற்கு மேல் கை ஓங்கவில்லை.

என் அப்பா குடிகாரர். அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. நல்ல அப்பாவாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ராத்திரி தூக்கமில்லை. இனிமேல் நான் கண்டித்தால் அவன் கேட்பானா?

- பெயர் வேண்டாம்

ஆலோசகர் பதில்:

பெல்ட் விஷயத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் செல்சி ஹேஸ், லெஸ்லி கார்வர் என்ற இருவர் செய்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 3 முதல் 7 வயது வரை 186 பிள்ளைகள். சிலரிடம் மட்டும், "பக்கத்து ரூமில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கு" என்று சொல்லிக் கூட்டிப்போய், அப்புறம் "சும்மாதான் சொன்னேன், நீ விளையாட வரணும்னு" என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி ஒரு பொம்மையோடு தனியே விட்டார்கள். ஏமாற்றப்பட்டவர்களில் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும், பார்க்கவே இல்லை என்று சாதிப்பதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதைவிடச் சின்னக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அங்கே சொன்னது, முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன ஒரே ஒரு மிட்டாய்ப் பொய். உங்கள் வீட்டில் வாராவாரம் வியாழக்கிழமை.

ஆனால் உங்கள் மகனை இந்தக் கணக்கிலேயே சேர்த்து முடித்துவிட எனக்கு மனமில்லை. கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: "அவனே எழுந்து போய்விடுகிறான்." அவன் அங்கே பொய் பழகினான் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். அவனோ அப்பாவைக் காப்பாற்றப் போனதாக நினைத்திருக்கலாம். பெரிய ஆள் ஒருவர் வாசலில் நின்று அதட்டும்போது அந்தப் பையனுக்கு வயிறு எப்படிப் புரண்டிருக்கும் என்று என்றைக்காவது கேட்டீர்களா? கையெழுத்துப் போட்டதும் அடிக்குப் பயந்து மட்டும்தானா, இல்லை, அப்பாவுக்கு இன்னொரு கவலை வேண்டாம் என்றா? எனக்குத் தெரியாது. அவனிடம் கேளுங்கள், திட்டுகிற குரலில் வேண்டாம்.

அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். இரண்டு வாக்கியம் போதும். நம் ஆட்கள் மன்னிப்பு என்று ஆரம்பித்து "உனக்காகத்தானேடா கஷ்டப்படுறேன்" என்று முடிப்பார்கள், அது வேண்டாம். கையெழுத்துத் தப்பு தப்பாகவே இருக்கட்டும். நீங்களும் கூட நின்று, டீச்சரிடம் அவனையே சொல்ல வையுங்கள்.

வருகிற வியாழக்கிழமை வாசலுக்கு நீங்கள் போங்கள். மகன் வீட்டுக்குள் இருக்கட்டும், அவன் காதில் விழட்டும். "இந்த வாரம் முழுசாக முடியாது, இவ்வளவுதான் தர முடியும், மீதிக்குத் தேதி சொல்கிறேன்" என்றால் போதும். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. கண்டித்தால் கேட்பானா என்று கேட்டீர்களே, அதற்கு அந்த ஐந்து நிமிடம் பத்துப் புத்திமதியைவிட உதவும். வட்டி அநியாயமாக இருந்தால், மிரட்டல் இருந்தால், தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. போலீசில் புகார் கொடுக்க இடமுண்டு.

தூக்கமில்லாத ராத்திரிகளுக்கு உதவி கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாக ஒன்று. இவ்வளவு எழுதியும் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடன் மொத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியுமா? தெரியாதென்றால், வியாழக்கிழமைக்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.