லேத்துக்குப் போன பிளேடு

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எனக்குத் தோப்பு இருக்கிறது. மினி டிராக்டரும் அதற்கு முன்னால் மாட்டும் பிளேடும் ஒரே டீலரிடம் வாங்கினேன். வெளிநாட்டில் பனி தள்ளுகிற மாடல், மண்ணுக்கும் ஆகும் என்றார். செம்மண் சரளையில் ஒரு பக்கம் தோண்டுகிறது, மறுபக்கம் தூக்குகிறது. கல் தட்டினால் மடங்கிவிடுகிறது. மெக்கானிக் இரண்டு தடவை வந்தும் பலனில்லை. லேத்தில் கொடுத்துச் சரிசெய்தேன். இப்போது வாரண்டி கிடையாது என்கிறார். 'உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை' என்று ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தினார். பிளேடை எடுத்துக்கொண்டு பாதி விலை தருகிறாராம். 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: ஆட்கள் முன்னால் பேசியதை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது 'லேத்தில் கொடுத்தேன்' என்ற ஒரு வரிதான். நீங்கள் அனுப்பிய போட்டோவில் ஸ்பிரிங் அசையாதபடி ஒரு இரும்புப் பட்டை வெல்டிங் ஆகியிருக்கிறது. கோணம் மாற்றும் பின்னுக்குப் பக்கத்தில் புது ஓட்டை.

அந்த ஸ்பிரிங் கோளாறே இல்லை. பனிக்கு அடியில் கல் தட்டினால் பிளேடு மடங்கிக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வழக்கு 'பொருள் பழுது' என்பதல்ல, 'சொன்ன வேலைக்கு உதவாத பொருளைக் கொடுத்தார்' என்பது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16 அதற்கு இடம் தருகிறது. ஆனால் செம்மண் நிரவத்தான் கேட்டீர்கள், அவர் பேச்சை நம்பித்தான் வாங்கினீர்கள் என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது வேண்டும். நீங்களே பிராண்டு பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பிடியும் நழுவும்.

சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவது பெரிய காரியமில்லை. சிக்கல் அதற்குப் பிறகு. பிளேடைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னால் எதை அனுப்புவீர்கள்? டீலர் விற்ற பிளேடு இப்போது இல்லை, லேத்துக்காரர் செய்த பிளேடுதான் இருக்கிறது. பம்ப்செட் மோட்டார் புகைந்ததும் காயில் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் உண்டு. 'பழைய காயில் எங்கே?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதோடு அந்த வழக்குகள் உட்கார்ந்துவிட்டன. கோபத்தில் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பட்டையோடு வண்டியை ஓட்டாதீர்கள். மடங்காத பிளேடு கல்லில் இடித்து ஓட்டுகிற ஆளுக்கு அடிபட்டால் நஷ்டஈடு கேட்டு அவர் உங்களிடம்தான் வருவார்.

பாதி விலையை வாங்கிக்கொள்ளுங்கள். 5 லட்சக் கனவில் அதையும் விடாதீர்கள். ஆனால் டீலர் நீட்டும் ரசீதைப் படிக்காமல் கையெழுத்துப் போடவேண்டாம். 'எங்களுக்குள் எல்லாக் கணக்கும் தீர்ந்தது' என்று இருந்தால் அடித்துவிட்டு, 'பிளேடு சம்பந்தமாக மட்டும்' என்று எழுதி வாங்குங்கள். டிராக்டருக்கு வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே.