பெயரில் கிடக்கும் பழைய தீர்ப்பு: வழக்குக் கட்டை எங்கே கேட்பது?

கேள்வி: நியூயார்க் குயின்ஸில் 14 வருடமாக இருக்கிறேன். வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் செய்யப் போனபோது, என் பெயரில் 2017 மே மாதம் 6,840 டாலருக்கு ஒரு தீர்ப்பு கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகியிருப்பதாக டைட்டில் கம்பெனி (வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் நிறுவனம்) சொல்கிறது. பழைய கிரெடிட் கார்டு கடனாம். எனக்கு சம்மன் எதுவும் வந்ததே இல்லை. கவுன்ட்டி கிளார்க்கிடம் கேட்டால் ஃபைல் அங்கே இல்லை என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாமா? அல்லது பேசாமல் பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இப்போதைக்குக் கட்டாதீர்கள், கடனை வசூலிக்கும் கம்பெனிக்கு ஃபோன்கூடப் பண்ணாதீர்கள். ‘சம்மன் வரவில்லை’ என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய வாதம். பணம் கட்ட ஆரம்பித்துவிட்டால், தீர்ப்பை ஏற்றுக்கொண்டுதானே கட்டினீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பிக் கேட்பார்.

கிளார்க் அலுவலகத்தில் சொன்னது சரிதான். குழப்பம் இங்கே கோர்ட்டுகளுக்கு வைத்திருக்கும் பெயரில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்றால் நம்மூர்ப் பழக்கத்தில் நினைப்பது போல உச்ச நீதிமன்றம் அல்ல. கவுன்ட்டிக்குக் கவுன்ட்டி, நம்மூர் மாவட்டத்துக்கு மாவட்டம் என்பது போல, இருக்கும் விசாரணை நீதிமன்றம். உச்சியில் இருப்பது ஆல்பனியில் உள்ள கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். கவுன்ட்டி கிளார்க் அந்த சுப்ரீம் கோர்ட்டின் கிளார்க்; அங்கே நடக்கும் சிவில் வழக்குகளின் கட்டுகள் (ஃபைல்கள்) தான் அவர் பொறுப்பில் இருக்கும். நியூயார்க் நகரத்துக்குள் சின்னத் தொகை வழக்குகள் ‘சிவில் கோர்ட்’ என்ற தனிக் கோர்ட்டுக்குப் போகும். இன்று அதன் வரம்பு 50,000 டாலர்; 2017-இல் 25,000. அந்தக் கோர்ட்டுக்குத் தனி கிளார்க், தனி ரெக்கார்ட் ரூம்.

அப்படியானால் உங்கள் பெயர் கவுன்ட்டி கிளார்க்கிடம் எப்படி வந்தது? சிவில் கோர்ட்டில் ஜெயித்தவர், தீர்ப்பின் சுருக்கத்தை (இங்கே அதை டிரான்ஸ்கிரிப்ட் என்பார்கள்) வாங்கிக்கொண்டு போய்க் கவுன்ட்டி கிளார்க்கின் தீர்ப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். ஏற்றிய பிறகு அந்தக் கவுன்ட்டியில் உங்கள் பெயரில் உள்ள வீடு, மனை எல்லாவற்றின் மீதும் பற்று (கடனுக்கான பிடி, ஆங்கிலத்தில் லியன்) விழுந்துவிடும். ஆக, கவுன்ட்டி கிளார்க்கிடம் இருப்பது ஒரே ஒரு வரி. கட்டு சிவில் கோர்ட்டில் கிடக்கிறது. 6,840 டாலர் கிரெடிட் கார்டு வழக்கு என்றால் அநேகமாக அதுதான் இடம்.

அந்த ஒரு வரியை அலட்சியம் செய்யாதீர்கள். கடன்பட்டவர் பெயர், வாதி பெயர், தொகை, தேதி, எந்தக் கோர்ட், வாதியின் வக்கீல் யார், எல்லாவற்றுக்கும் மேலாக இன்டெக்ஸ் நம்பர் (வழக்கு எண்), எல்லாம் அதில் இருக்கும். எழுத்துப் பிசகாமல் எழுதி வாருங்கள். குயின்ஸ் சிவில் கோர்ட் நம்பர் என்றால் முதலில் சி-வி, பிறகு ஆறு இலக்கம், பிறகு வருடத்தின் கடைசி இரண்டு எண், முடிவில் க்யூ-யு என்று இருக்கும். அந்த வருடம் வழக்குப் போட்ட வருடம், தீர்ப்பு வந்த வருடம் அல்ல. 16 என்று இருந்தால், 2016-இல் நீங்கள் எந்த முகவரியில் குடியிருந்தீர்கள் என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அந்த ஆள் நீங்கள்தானா? நம் பெயர்கள் படுத்தும் பாடு இதில் கொஞ்சநஞ்சமல்ல. இங்கே பதிவேடு குடும்பப் பெயர் வரிசையில் இருக்கும். நமக்கோ அப்பா பெயர் சில இடத்தில் முன்னால், சில இடத்தில் பின்னால். முருகன் சுப்பிரமணியன் என்பவர் கார்டு வாங்கும்போது சுப்பிரமணியன் முருகன் ஆகியிருப்பார். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தவர்கள் விசாவில் ‘எஃப்-என்-யு’ (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்தை முதல் பெயராகச் சுமந்துகொண்டு வந்திருப்பார்கள். அதனால் பெயரை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். வேறு தீர்ப்பு ஏதாவது ஒளிந்திருந்தாலும் தெரிந்துவிடும். ஆளே வேறு என்றால் இந்தப் பதிலில் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் உள்ளவர் நான் அல்ல என்று ஒரு அபிடவிட் கொடுத்தால் டைட்டில் கம்பெனிகள் வழக்கமாக ஏற்றுக்கொள்கின்றன.

தகவல் உரிமை மனு வேண்டாம். நியூயார்க்கிலும் அப்படி ஒரு சட்டம் உண்டு. ஆனால் அது நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஜுடிஷியரி சட்டத்தின் 255-ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்திக் கேட்டால் கிளார்க் தேடித் தரக் கடமைப்பட்டவர். சாதாரண சிவில் வழக்குக் கட்டு பொது ஆவணம். ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. (விவாகரத்துக் கட்டு மட்டும் விலக்கு. அது கணவன், மனைவி, அவர்களுடைய வக்கீல்கள் தவிர மற்றவர்களுக்குக் கிடைக்காது.)

குயின்ஸ் சிவில் கோர்ட், குயின்ஸிலேயே ஜமைக்கா என்ற பகுதியில் 89-17 சட்ஃபின் புலவார்டில் இருக்கிறது. மாநிலக் கோர்ட்டுகளின் இணையத் தேடலில் இன்டெக்ஸ் நம்பரைப் போட்டால் வழக்கின் மேலோட்டமான விவரம் கிடைக்கலாம். உங்களுக்கு வேண்டிய காகிதங்கள் அதில் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ரெக்கார்ட் ரூமில் கேட்கும்போது ‘எல்லாம் வேண்டும்’ என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சம்மனும் பிராதும், சம்மன் சார்வு அபிடவிட் (சம்மனைக் கொடுத்துவிட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரம்), எக்ஸ்பார்ட்டி தீர்ப்புக்காக (பிரதிவாதி வராததால் தரும் தீர்ப்பு) வாதி கொடுத்த விண்ணப்பம், தீர்ப்பு. பழைய கட்டுகள் வெளிக்கிடங்குக்குப் போயிருக்கும், வரவழைக்க நாளாகும். நேரில் போகுமுன் அதைக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் லீவு மிச்சம். படித்துப் பார்க்கச் சாதா நகல் போதும். சான்றிட்ட நகல் பிறகு தேவைப்படும் தாளுக்கு மட்டும். கவுன்ட்டரில் இருப்பவரிடம் ‘எனக்கு கேஸ் நிற்குமா?’ என்று கேட்காதீர்கள். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி கிடையாது.

கட்டு கைக்கு வந்ததும் நேராகச் சார்வு அபிடவிட்டுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் சம்மன் கொண்டுவருபவர் கோர்ட் அமீனா. இங்கே அது தனியார் தொழில். சம்மன் கொடுத்ததாகச் சொல்பவர், வாங்கியவரின் பாலினம், தோல் நிறம், முடி நிறம், ஏறத்தாழ வயது, உயரம், எடை எல்லாம் எழுத வேண்டும். ஒரு கட்சிக்காரரின் கட்டில், அவர் மனைவியிடம் சம்மன் கொடுத்ததாக இருந்தது: நரைத்த தலை, 60 வயது என்று. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு 31. அவர்கள் இந்தியாவில் இருந்ததற்கு பாஸ்போர்ட்டில் முத்திரையும் இருந்தது. வழக்கில் அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. உங்கள் அபிடவிட்டில் தேதி, நேரம், முகவரி மூன்றையும் பழைய வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பயண டிக்கெட் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கதவில் ஒட்டித் தபாலில் அனுப்பினோம்’ என்றிருந்தால், அதற்கு முன் எத்தனை முறை, எந்தெந்த நேரத்தில் வந்தார்கள் என்பதையும் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் வீட்டுக்குப் பகல் 11 மணிக்கு மூன்று தடவை வந்தேன் என்றால் சந்தேகப்படலாம்.

இன்னொன்றையும் தேடுங்கள், பலர் கவனிப்பதில்லை. நகர சிவில் கோர்ட்டில் நுகர்வோர் கடன் வழக்கு என்றால், ‘உங்கள் மீது வழக்கு இருக்கிறது’ என்று ஒரு கூடுதல் அறிவிப்பைக் கிளார்க்கே பிரதிவாதிக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அந்தக் கவர் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு எளிதில் வாங்க முடியாது. திரும்பிய கவரோ அது பற்றிய குறிப்போ கட்டில் இருந்தால் உங்களுக்கு அது தங்கம். பொய்ச் சார்வு இந்த ஊரில் புதிதல்ல. இப்படி வாங்கிய சுமார் ஒரு லட்சம் தீர்ப்புகளை ரத்து செய்யக் கேட்டு மாநில அட்டர்னி ஜெனரலே 2009-இல் வழக்குப் போட்டார்.

சார்வு சரியில்லை என்று காட்ட முடிந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 5015-ஆம் பிரிவின்படி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். சார்வே நடக்காததால் கோர்ட்டுக்கு உங்கள் மேல் அதிகாரம் வரவில்லை என்ற காரணத்துக்குக் காலக்கெடு கிடையாது. நியாயமான காரணத்தால் ஆஜராகவில்லை என்ற காரணத்துக்கு ஒரு வருடக் கெடு உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள்.

கட்டைப் பார்த்தபின் சம்மன் ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது, கடனும் உங்களுடையதுதான் என்று தெரிந்தால்? சரி, அப்போது தொகையைப் பேசுங்கள். பற்று பத்து வருடம், அதாவது உங்களுக்கு 2027 வரை. பத்து வருடம் முடிந்தால் விட்டது என்று நினைக்க வேண்டாம். தீர்ப்புக்கு ஆயுள் 20 வருடம், பற்றைப் புதுப்பிக்கவும் வழி உண்டு. வட்டியைக் கவனமாகப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி 9 சதவீதமாக இருந்தது. நுகர்வோர் கடனுக்கு மட்டும் 2022 ஏப்ரல் 30 முதல் 2 சதவீதம். 6,840 டாலருக்கு முதல் ஐந்து வருட வட்டி ஏறத்தாழ 3,078, அதன்பின் வருடத்துக்கு 137 டாலர் போல. இன்றுவரை 9 போட்டு யாராவது கணக்கு நீட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முழுத் தொகையும் கட்டியதும் கடன் தீர்ந்ததென்ற பத்திரத்தை அவர்கள் 20 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 100 டாலர் அபராதம் நீங்கள் கேட்கலாம்.

ரத்தானாலும் சரி, தீர்த்தாலும் சரி, கவுன்ட்டி கிளார்க்கின் பதிவேட்டில் அந்த வரி தானாக அழியாது. சிவில் கோர்ட்டில் உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கி, அதே சட்ஃபின் புலவார்டில் 88-11-இல் உள்ள கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்துக்கு நீங்களே நடந்து கொண்டுபோய்க் கொடுங்கள். பதிவேட்டில் குறித்துவிட்டார்கள் என்பதற்கு ஒரு முத்திரை போட்ட தாளை வாங்கி, அன்றைக்கே டைட்டில் கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.