வீட்டில் காட்டுகிறார்கள், கூட்டத்தில் காட்டுவதில்லை

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் கைவேலை செய்கிறவர்களைச் சேர்த்து, மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வாசிகசாலையில் கூடுகிறோம். பழைய ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணன், குரோஷே பின்னுகிற அக்காமார், சோலார் லைட் செய்து பார்க்கிற ஒரு தம்பி, மூங்கில் கூடை முடைகிற தாத்தா, தேயிலை வேரில் உருவம் செதுக்குகிறவர் என்று இருபது பேர் வரை வருவார்கள். வீட்டுக்குப் போனால் எல்லாவற்றையும் ஆசையாக எடுத்துக் காட்டுகிறார்கள். கூட்டத்துக்குக் கொண்டு வரச் சொன்னால் "அடுத்த மாசம் பார்ப்போம் டீச்சர்" என்கிறார்கள். எப்போதும் அதே இரண்டு பேர்தான் காட்டுகிறார்கள். போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் சரியாகுமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்:

டீச்சர், பரிசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு முன்பள்ளியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். இன்னும் சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு ஆசை குறையவில்லை.

பெரியவர்களும் அப்படியேதான் நடப்பார்கள் என்று அந்த ஒரு பரிசோதனையை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. வேரில் செதுக்குகிறவருக்கே மூன்று முறையும் பரிசு போகும். நான்காவது முறை மற்றவர்கள் கைதட்ட மட்டும் வருவார்கள், அதன் பிறகு அதற்கும் வர மாட்டார்கள். திருத்திய ரேடியோவையும் பின்னிய மேசைவிரிப்பையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவீர்கள்?

இனி, அவர்கள் ஏன் காட்டுவதில்லை என்பதைப் பார்ப்போம். கூச்சம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டிக்கொண்டு ஊரே பார்க்க ஆடுகிற ஆண்பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் நம்முடையவை. மேடையில் ஏறக் கூசாத சனம், ஒரு கூடையைக் கொண்டு வந்து வைக்கவா கூசப்போகிறது? என் கணிப்பு வேறு. நம் தோட்டங்களில் கைவேலையை இன்னொருவர் முன் வைப்பதென்றால் காலங்காலமாக அதை நிறுக்கக் கொடுப்பதுதான். பகல் முழுக்கப் பறித்த கொழுந்தை, மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் தராசில் போட வேண்டும். ஈரம், சாக்குப் பாரம் என்று கிலோ கழியும். குறித்த கிலோ வராவிட்டால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்தத் தராசுக்கு முன்னால் அம்மாவோடு நின்று வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று உங்கள் வாசிகசாலைக்கு வருகிறார்கள். "கொண்டு வந்து காட்டுங்கள்" என்று நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அவர்கள் காதில் "கொண்டு வாங்க, எத்தனை தேறும் என்று பார்ப்போம்" என்று விழுகிறது. வீட்டில் உங்களுக்குக் காட்டும்போது நிறுவை இல்லை, அதனால் காட்டுகிறார்கள். ஆகவே, உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் தராசு இல்லை என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, ஏற்பாட்டில் தெரிந்தால்தான் நம்புவார்கள்.

முதல் ஏற்பாடு, யாரையும் முன்னால் எழுந்து நின்று பேச வைக்காதீர்கள். சுவரோரம் நீளமாக ஒரு மேசை போடுங்கள். வருகிறவர் பொருளை அதில் வைத்துவிட்டுப் போய் உட்காரலாம். அரை மணி நேரம் எல்லாரும் தேநீரோடு அந்த மேசையைச் சுற்றி வரட்டும். பார்க்கிறவர் தானாகவே "இது எப்படிங்க?" என்று கேட்பார். ஒருவர் கேட்டு ஒருவர் சொல்கிற பேச்சுக்கு யாரும் பயப்படுவதில்லை.

1975 மார்ச் 5ஆம் திகதி, அமெரிக்காவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கோர்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டு வாகனக் கொட்டகையில் முப்பது பேர் வரை கூடினார்கள். வீட்டிலிருந்தே கணினி செய்து பார்க்க ஆசைப்பட்டவர்கள். ஹோம்புரூ கம்பியூட்டர் கிளப் என்று பிற்பாடு பெயர் பெற்றது அந்தக் கூட்டம்தான். அதைப் பல காலம் நடத்திய லீ ஃபெல்சென்ஸ்டைன் கூட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். முதல் பாதியில் யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தேவை என்று சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மறு பாதியில் எந்த ஒழுங்கும் இல்லை, தனக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசலாம். அங்கே வந்தவர்களில் ஸ்டீவ் வோஸ்னியாக் என்ற இளைஞர், கையை உயர்த்திப் பேசவே தயங்குகிற ஆள். தான் செய்ததை ஒரு மேசையில் வைத்து ஓட விடுவார், ஆட்கள் தேடி வந்து கேட்டால் விளக்குவார். தன் கணினியின் மின்சுற்றுப் படத்தைப் பிரதியெடுத்து இலவசமாகக் கொடுத்தார். 1976இல் அதுதான் ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியானது. எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினால்தான் காட்டலாம் என்று அந்தக் கிளப்பில் சட்டம் இருந்திருந்தால், அவர் மூலையிலேயே உட்கார்ந்திருப்பார். உங்கள் சோலார் லைட் தம்பி கம்பெனி தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் ஒரு மேசை போதும் என்கிறேன்.

இரண்டாவது, முடித்த பொருளைக் கேட்காதீர்கள். "அடுத்த மாசம்" என்பதற்கு அர்த்தம், "இன்னும் நல்லா வரட்டும்" என்பதுதான். அந்த மாதம் வரவே வராது. அதனால் பாதியைக் கேளுங்கள், பழுதானதைக் கேளுங்கள். "இந்த மாதம் நடுவில் நின்றுபோனதைக் கொண்டு வாங்க" என்று ஒரு மாதம். "வீட்டில் உடைந்து நீங்களே ஒட்டியதோ தைத்ததோ" என்று இன்னொரு மாதம். முதல் முறை நீங்களே, கண்ணி தப்பிய ஒன்றையோ ஆணி கோணிய ஒன்றையோ மேசையில் வையுங்கள். கோணலை மறைக்காமல் வைக்க வேண்டும், அதுதான் முக்கியம். டீச்சரின் கோணல் பெட்டி மேசையில் இருக்கும்போது மற்றவர்கள் பைக்குள் இருப்பதும் வெளியே வரும்.

மூன்றாவது, பொதுவாக அறிவிக்காதீர்கள். எல்லாரையும் பார்த்துக் கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பார். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒருவரிடம் மட்டும் போங்கள். "ஏதாவது கொண்டு வாங்க" என்று கேட்காமல், பொருளைக் குறித்துக் கேளுங்கள்: "அண்ணே, அந்த நீல ரேடியோவின் பின்மூடியைக் கழற்றின மாதிரியே கொண்டு வாறீங்களா? உள்ளே என்ன எரிஞ்சிருந்துச்சுன்னு தம்பிக்குக் காட்டணும்." இதில் அவர் தன் திறமையைக் காட்டப் போகவில்லை, ஒரு பிள்ளைக்கு உதவப் போகிறார். நம் ஆட்கள் உதவிக்கு மறுப்பது அபூர்வம்.

கூடை முடைகிற தாத்தாவை இதில் தனியாக நினைத்துப் பாருங்கள். கொழுந்துக் கூடை போய்ச் சாக்கும் நைலோன் பையும் வந்த பிறகு அவர் வேலையை யாரும் கேட்பதில்லை. அது பொழுதுபோக்கு என்றோ காட்டத் தகுந்தது என்றோ அவருக்கே தோன்றாது. "கூடைதானே" என்பார். முடிந்த கூடையைக் கேட்டால் அதைத்தான் சொல்வார். அடியை மட்டும் பின்னி நிறுத்தியதைக் கொண்டு வரச் சொல்லி, மிச்சத்தை மேசையருகே உட்கார்ந்து முடையச் சொல்லுங்கள். கை ஓடினால் வாயும் ஓடும். எந்த மூங்கில், எந்தப் பருவத்தில் வெட்டுவது, எத்தனை நாள் வைப்பது என்று தானாகவே வரும்.

தப்பு மேளத்துக்குத் தோல் கட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம். அதை அவர் சொல்லாமல் இருக்கக் காரணம் உங்களுக்கும் எனக்கும் தெரியும், அதற்குச் சாதி என்று பெயர். அவரைப் பெருமைப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள். எதைக் காட்டுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

அக்காமாரின் விஷயத்தில் தடை வேறு. குரோஷே விரிப்பைக் கொண்டு வந்த மறுநாளே லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் "எனக்கும் ஒன்னு பின்னிக் குடேன்" என்பார்கள். நூல் காசு யாரும் தர மாட்டார்கள், முடியாது என்று சொல்லவும் முடியாது. மலையில் ஏறி இறங்கி, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கப் போட்ட பிறகு மிஞ்சுகிற கொஞ்ச நேரத்தையும் ஊருக்கு எழுதிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே ஒரு சட்டம் போடுங்கள். மேசையைச் சுற்றி விலை பேசுவதும், செய்து தரச் சொல்வதும் கூடாது. யாருக்காவது உண்மையிலேயே வேண்டுமென்றால் உங்களிடம் சொல்லட்டும். நூலுக்கும் கூலிக்கும் சேர்த்து விலையை நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். கெட்ட பெயரை நீங்கள் வாங்கிக்கொண்டால் அவர்கள் தப்புவார்கள். ஆசிரியைக்கு அது புதிதா என்ன?

பேச்சுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். பார்க்கிறவர் முதலில் கேள்விதான் கேட்க வேண்டும். "எங்கே தடங்கினீங்க?" என்பது நல்ல கேள்வி. "ஏன் இப்படிச் செய்தீங்க?" என்பது சொல்கிற தொனியைப் பொறுத்துக் குத்திவிடும். செய்தவர் கேட்டால் தவிர யோசனை சொல்லக் கூடாது. "யூடியூபில் இதைவிட நல்லா இருக்கு" என்கிற ஆள் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைத் தேநீர் ஊற்றப் போடுங்கள்.

எப்போதும் காட்டுகிற அந்த இரண்டு பேரை ஒதுக்காதீர்கள். அவர்கள் இல்லாமல் இதுவரை கூட்டமே நடந்திராது. ஆனால் அவர்களின் மெருகேறிய பொருள் மேசையின் தலைப்பில் இருக்கும்வரை புதியவர் பையை அவிழ்க்க மாட்டார். இருவரிடமும் தனியாகப் பேசி ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: ஆளுக்கொரு புதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்பது. மேசையில் வைத்த பொருளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றால், வைத்தவர் மறுமாதம் வர மாட்டார். குறை சொல்வதைக்கூடச் சிலர் தாங்குவார்கள், இதைத் தாங்க மாட்டார்கள்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் ஞாயிறும் வேலை இருக்கும், அப்போது பௌர்ணமி விடுமுறையான போயா நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை விடாது. நனையக் கூடாத பொருளைக் கொண்டு வரச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம், அந்த மாதங்களில் படம் போதும். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கலைய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

படம் எடுப்பதற்குச் சில குறிப்புகள். லயத்துக் காம்பரா அறைக்குள் வெளிச்சம் போதாது, போனின் பிளாஷைப் போட்டால் நூல் வேலையெல்லாம் தட்டையாக வெளுத்துப்போகும். வாசற்படியில், மூடுபனி கலைந்த காலை வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்தால் போதும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பாதியில் எடுத்தது ஒன்று. கைவேலை தெரிந்தவர்கள் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். வீட்டு உட்புறம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பலருக்கு அதுவே தடையாக இருக்கும்.

மின்சாரத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். 230 வோல்ட்டில் ஓடுகிற எதையும், விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகுதான் பிளக்கில் போட வேண்டும். மூடி திறந்த ரேடியோவைக் காட்டும்போது பிளக் கழற்றியே இருக்கட்டும். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள்.

ஒரு கொப்பி வாங்கி, யார், எதை, எந்த மாதம் வைத்தார் என்று எழுதி வாருங்கள். லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார், இலங்கைத் தேயிலைத் தொழிலின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர். ஆரம்பத்தில் அவருடைய பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையாலேயே கொழுந்தை உருட்டினார்கள், மண் அடுப்பில் கரி போட்டு வாட்டினார்கள். டெய்லரின் பெயர் பிள்ளைகளின் பாடத்தில் வருகிறது. உருட்டிய கைகள் யாருடையவை என்று நான் வாசித்த எதிலும் இல்லை. உங்கள் கொப்பியில் முழுப் பெயர் இருக்கட்டும். பொருளுக்கு மதிப்பெண்ணோ கருத்தோ எழுத வேண்டாம். வருட முடிவில் அந்தக் கொப்பியைச் சத்தமாக ஒருமுறை வாசித்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்னப் பொருள் கொடுங்கள், முன்கூட்டியே சொல்லாமல். அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழ் போல, அது யாருடைய ஆசையையும் கெடுக்காது.

போட்டிக்கென்று காசு சேர்த்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நீளமான மேசை ஒன்று, மேலே தொங்கவிட வெளிச்சமான பல்ப் ஒன்று, தரமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று. மிச்சத்துக்குத் தேநீரும் பிஸ்கட்டும்.