பழைய வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள்?

“கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். அடுக்களை வாசல் நிலையில் பிள்ளைகள் உயரம் குறித்த பென்சில் கோடுகள் இருக்கின்றன. இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முடியும். முதல் வேலையாக, பெயின்ட் அடிக்க வருபவரிடம் அந்த நிலையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடுகளைப் படம் எடுத்து வையுங்கள்.

சரி, இனி பத்திரம். கையில் இருக்கும் தாய்ப்பத்திரங்களை, அதாவது முந்தைய சொந்தக்காரர்களின் பத்திரங்களை, பின்னோக்கி வரிசைப்படுத்துங்கள். இடையில் எது விட்டுப்போயிருக்கிறது என்பது, வீட்டின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றில் தெரியும். 1975 முதலான விவரம் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கிறது. அதற்கு முந்தையது அங்கே கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கிரயம், அடமானம் எல்லாம் ஏறும் 1ஆம் புத்தகம் என்ற பதிவேட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

கதவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கெல்லையைப் பிடியுங்கள். ‘இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, தெருவுக்கு வடக்கு’ என்ற வரி உங்கள் வீட்டை அடையாளம் காட்டுவதோடு அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பெயரையும் தந்துவிடும்.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: பத்திரத்தில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வீடு ஏன் விற்கப்பட்டது என்பதும் பல சமயம் அதிலேயே எழுதியிருக்கும். மகள் கல்யாணக் கடன், வைத்தியச் செலவு, கணவர் இறந்தபின் மைனர் மகனுக்குக் கார்டியனாகத் தாய் போட்ட கையெழுத்து அல்லது கைநாட்டு என்று ஒரு குடும்பத்தின் கஷ்டகாலம் முழுக்க நாலு வரியில் கிடக்கும். நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிகளை நிதானமாகப் படியுங்கள். தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் கவனம், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். சுபகிருது என்றால் 1902-ஆகவும் இருக்கலாம், 1962-ஆகவும் இருக்கலாம். அசல் பத்திரமானால் முத்திரைத்தாளில் பிரிட்டிஷ் மன்னர் அல்லது ராணி தலையா, அசோகச் சிங்கமா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் பத்திரம் சொந்தக்காரர்களைத்தான் சொல்லும். பென்சில் கோடு போட்டது வாடகைக்குக் குடியிருந்தவர்களாகவும் இருக்கலாம். அவர்களைப் பிடிக்க வாக்காளர் பட்டியல்தான் நல்ல வழி. கதவு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் அதில் உண்டு. மாநகராட்சியின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் உதவும், ஆனால் பெயரும் ஏறக்குறைய ஆண்டும் தெரிந்த பிறகு போங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களுக்கு அலைய வேண்டாம். தனிநபர் விவரங்களை அதில் பார்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பரணையும் ஒருமுறை துழாவுங்கள். விட்டுப்போன பித்தளைச் சொம்பிலோ அண்டாவிலோ பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். பத்திரத்தில் இடமே கிடைக்காத பெண்களின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் எதிர்வீட்டுப் பாட்டியிடம் நிலையின் படத்தைக் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகளை அவருக்குத் தெரிந்திருந்தால், எண்ணை வாங்கி நீங்களே நேரடியாகக் கூப்பிடாமல், முதலில் அவரையே பேசச் சொல்லுங்கள்.