தாதூ யாருடைய ஆள்?

ஐயா, வணக்கம்.

வேலை நிமித்தமாக ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறிய தமிழன் நான். அண்மையில் இங்கே நடந்த தமிழர் கூட்டத்தில் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் போராட்டத் தலைவரும் கம்யூனிஸ்டுமான டாக்டர் யூசுப் தாதூவை 'நம் தலைவர்' என்று குறிப்பிட்டீர்கள். அது எனக்கு உறுத்துகிறது. அவர் குஜராத்தி வணிகர் வீட்டுப் பிள்ளை. காந்தி இங்கே நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று உயிரை விட்டவர்கள் நம் தமிழர்களான நாகப்பனும் வள்ளியம்மையும். காந்தியோடு நின்று அடி வாங்கியவர் தம்பி நாயுடு. டர்பனில் தெருவுக்குப் பெயர் மட்டும் தாதூவுக்கா? அதோடு, அவர் மாஸ்கோ சொன்னபடி ஆடியவர். ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்கும்வரை போரை எதிர்த்தார், தாக்கியதும் ஆதரித்தார். காந்தி பெயரையும் சொல்லிக்கொண்டு மாஸ்கோ பேச்சையும் கேட்டவரை எப்படி மதிப்பது?

எஸ்., ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள எஸ்.,

மாஸ்கோ விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது தாதூ அதை ஏகாதிபத்தியங்களின் போர் என்றார். ஆதரிக்காதீர்கள் என்று துண்டறிக்கை வெளியிட்டுச் சிறைக்கும் போனார். 1941 ஜூனில் ஜெர்மன் படைகள் சோவியத் எல்லையைத் தாண்டியதும் கட்சி நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது, அவரும் மாற்றிக்கொண்டார். 1968-இல் பிராக் நகருக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்தபோதும் தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி அதை ஆதரித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் தலைவர் ஜே. பி. மார்க்ஸ் மறைந்ததும் அந்தக் கட்சிக்கே தலைவரானார் தாதூ. இதற்கெல்லாம் அவருடைய பக்தர்கள் சொல்லும் சமாதானங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் என் மனத்தில் தங்கவில்லை.

வணிகர் வீட்டுப் பிள்ளை என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கோ கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. தாதூ 1909-இல் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே, க்ரூகர்ஸ்டார்ப்பில். ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் நிலம் வாங்கக் கூடாது என்று 1885-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அவருடைய தந்தை என்ன செய்தார்? தாதூ லிமிடெட் என்று ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, அதன் பெயரில் மனை வாங்கினார். நகராட்சி வழக்குப் போட்டது. 1920-இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம், பங்குதாரர்கள் ஆசியர்களாக இருக்கலாம், ஆனால் கம்பெனி வேறு நபர், அது ஆசியர் ஆகாது என்று தீர்ப்பளித்தது. கம்பெனிக்கு ஏது தோல் நிறம்! இன்றைக்கும் இங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகள் இந்த வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது.

கெட்டிக்காரத்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி பதிவு செய்யக் காசு வேண்டும். கூடை சுமந்து காய்கறி விற்றவருக்கும் ஓட்டலில் தட்டு ஏந்தியவருக்கும் அந்தத் தீர்ப்பால் ஒரு சாண் நிலமும் கிடைக்கவில்லை. நம் டிரான்ஸ்வால் தமிழர்களில் பெரும்பாலோர் அந்த வகை. அன்றைய இந்திய அரசியலே அப்படித்தான் நடந்தது: கடை உரிமத்துக்கு ஒரு மனு, மனைக்கு ஒரு சமரசம். மகன் எடின்பரோவில் மருத்துவம் படித்து 1936-இல் திரும்பி வந்ததும் கைவைத்தது இந்த அரசியலின் மேல்தான். வெள்ளை அரசோடு மோதுவதற்கு முன் அவர் மோதியது சொந்த வணிகர் வர்க்கத்தோடு. அதன் விலை சில்லறையல்ல. 1939 ஜூனில் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த கூட்டத்தில் தாதூவின் அணியினர்மீது அடியாட்கள் பாய்ந்தார்கள். தயாபாய் கோவிந்த்ஜி என்ற தொண்டர் உயிரிழந்தார். அவரும் குஜராத்திதான். அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைத் தள்ளிவைக்கும்படி காந்தி கேட்டுக்கொண்டார், தாதூ தள்ளிவைத்தார். அங்கத்திய இந்தியர்களின் அமைப்பான டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸ் அவர் கைக்கு வர 1945 ஆயிற்று.

அப்போது அவர் பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? நீங்கள் சொல்லும் அதே தம்பி நாயுடுவின் மகன் நாராயணசாமி. இந்தியாவில் காந்தியின் பராமரிப்பில் வளர்ந்து, திரும்பி வந்து கம்யூனிஸ்ட் ஆனவர். அவருடைய மனைவி மனோன்மணியை ஊரே 'அம்மா நாயுடு' என்றது. டோர்ன்ஃபொன்டெயினில் அவர்கள் வீட்டில் சாப்பிடாத போராளி அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார். மகன் இந்திரேஸ் ராபன் தீவுச் சிறையில் பத்து ஆண்டுகள் இருந்தார். தம்பி நாயுடு வழிவந்தவர்கள் தாதூவைத் தங்கள் தலைவராகத்தான் ஏற்றார்கள். நீங்களும் நானும் எந்த உரிமையில் அவரைக் குஜராத்தி என்று ஒதுக்குவது?

தெருப் பெயருக்கு வருகிறேன். டர்பனில் கிரே தெரு தாதூ பெயரில் இருப்பது உண்மை. பைன் தெரு நேட்டால் இந்தியர்களின் தலைவர் மாண்டி நாயக்கர் பெயரில் இருக்கிறது, பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் குணம் பெயரில். இரண்டு பேரும் தமிழர்கள். வள்ளியம்மைக்கும் நாகப்பனுக்கும் நினைவுக் கல் இருப்பது உங்கள் ஊரில், பிராம்ஃபொன்டெயின் இடுகாட்டில்.

காந்தியா மாஸ்கோவா என்ற கேள்விக்கு 1946-ஐப் பார்த்தால் போதும். இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரம்பிட்ட சட்டம் அந்த ஆண்டு வந்தது. நம் மக்கள் அதை கெட்டோ சட்டம் என்று வைதார்கள். ஜூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில், நகராட்சியின் வெற்று நிலத்தில் கூடாரம் அடித்துச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வெள்ளை இளைஞர்கள் இரவில் வந்து அடித்தார்கள். சுமார் 2,000 பேர் சிறை சென்றார்கள், தாதூவும் நாயக்கரும் உட்பட. ஆகஸ்ட் 12 அன்று ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்து ரேண்ட் தங்கச் சுரங்கங்களில் பல்லாயிரம் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வழக்கிலும் தாதூ குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஒரே ஆண்டில் காந்தி வழியில் ஒரு சிறை, சிவப்புக் கட்சிக்காரராக ஒரு வழக்கு. இரண்டும் அவருக்கு முரணாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. அந்நாட்களில் கறுப்பரும் வெள்ளையரும் இந்தியரும் சம உறுப்பினராக உட்கார இந்த நாட்டில் இருந்த ஒரே கட்சி அதுதான். மாஸ்கோ கணக்கைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1947 மார்ச்சில் சூமா, நாயக்கர், தாதூ என்ற மூன்று மருத்துவர்கள் ஆப்பிரிக்க, இந்தியக் காங்கிரஸ்களின் ஒத்துழைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே கலவரம், 142 பேர் சாவு. ஒப்பந்தம் காகிதமாகியிருக்கலாம், பல இந்தியர்கள் அப்படி ஆகட்டும் என்றே விரும்பினார்கள். தாதூவும் நாயக்கரும் விடவில்லை. 1952-இல் இனவெறிச் சட்டங்களை மீறிய தடைமீறல் இயக்கத்தின் திட்டக் குழுவில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் சிசுலுவோடும் ஜே. பி. மார்க்ஸோடும் தாதூ இருந்தார்.

நான் அவரை மிகவும் மதிப்பது இதற்கெல்லாம் பிறகு நடந்த ஒன்றுக்காக. ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் 1960-இல் இயக்கம் அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1962-இல் லண்டன் வந்த மண்டேலா அவரிடம் ஒரு கசப்பான செய்தியைச் சொன்னார்: ஆப்பிரிக்க நாடுகள் நம்மைச் சந்தேகிக்கின்றன, இனி ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஆப்பிரிக்க முகத்தோடு முன்னே நிற்க வேண்டும். இந்தியரும் வெள்ளையரும் பின்னே போக வேண்டும் என்றுதானே அர்த்தம்? தாதூவுக்குப் பிடிக்கவில்லை, வாதாடினார். ஆனால் விலகவில்லை, தனிக்கடை போடவில்லை, பத்திரிகையில் புலம்பவில்லை. 1969-இல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் மொரோகோரோ மாநாடு இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்க ஒப்புக்கொண்டது. தாதூ அதன் புரட்சிக் குழுவின் துணைத்தலைவரானார். கட்சியின் உச்ச அமைப்பான தேசியச் செயற்குழுவின் கதவு மட்டும் மூடியே இருந்தது. அங்கே நாற்காலி கிடையாது என்று தெரிந்தே மேலும் பதினான்கு ஆண்டுகள் உழைத்து, 1983 செப்டம்பரில் லண்டனில் இறந்தார். ஹைகேட் இடுகாட்டில், கார்ல் மார்க்ஸின் கல்லறைக்குச் சில அடிகள் தள்ளி அடக்கம். செயற்குழுவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட்ட காப்வே மாநாடு நடந்தது 1985-இல்.

அன்புடன்.