காலநிலை வடிவத்தைத் தீர்மானிக்கிறது, இனத்தை அல்ல: பாலைவனம், மழைக்காடு போன்ற பல்லுயிர்த் தொகுதிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பெரும் பாலைவனங்கள் நிலநடுக்கோட்டில் இல்லாமல் தள்ளியே அமைந்திருப்பது ஏன்?

பதில்: நிலநடுக்கோட்டருகே சூடேறி மேலெழும் காற்று, உயரத்தில் குளிர்ந்து தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது, அமேசான், காங்கோ காடுகள் அந்த மழையில் தழைப்பவை. ஈரம் வற்றிய காற்று வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்து ஏறத்தாழ 30 பாகை அட்சரேகையில் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடாவதால் மேகம் திரள்வதில்லை. சகாராவும் கலஹாரியும் அந்தப் பட்டைகளில் கிடக்கின்றன.

கேள்வி: தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனம் கடலை ஒட்டியே இருக்கிறதே, அங்கும் மழை இல்லையா?

பதில்: பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் கீழிருந்தே குளிர்விப்பதால் அது மேலெழுவதில்லை, மழைக்குப் பதில் மூடுபனிதான் கரையேறுகிறது. அங்குள்ள கருவண்டு வகைகளுள் ஒன்று, விடியற்காலையில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். முதுகில் படியும் பனித்துளிகள் உருண்டு வந்து வாயில் விழும். ஓர் உயிரின் உடலில் காலநிலை எழுதியிருப்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

கேள்வி: மலையேறுவதும் துருவத்தை நோக்கிச் செல்வதும் ஒன்றுதானா?

பதில்: ஓரளவுக்கு ஒன்றுதான். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 1802இல் ஆண்டீஸின் சிம்போராசோ மலையில் ஏறிய ஜெர்மானிய இயற்கையாளர் ஹம்போல்ட், உயரத்துக்கேற்ப மாறும் தாவர அடுக்குகளைப் பிற்பாடு ஒரே படத்தில் வரைந்து காட்டினார். ஆயினும் வெப்பமண்டல உச்சிகளில் நீண்ட குளிர்காலம் கிடையாது. பகலில் சுடும் வெயிலும் இரவில் உறைபனியும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும். துருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்நிலமான தூந்திரத்துச் செடியின் வாழ்க்கைக் கணக்கு அங்கே பொருந்தாது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் நான் பார்த்தவை கள்ளிகள்தாம், அவை அமெரிக்கக் கள்ளிகளின் உறவினங்கள் அல்ல என்கிறார்களே?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். அருகே சென்று பாருங்கள். அமெரிக்கக் கள்ளியின் முட்கள் பஞ்சு போன்ற சிறு திட்டிலிருந்து கொத்தாகப் புறப்படும். ஆப்பிரிக்காவின் யூபோர்பியாக்களில் முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும், தண்டைக் கீறினால் வெண்பால் வடியும் (கண்ணில் பட்டால் ஆபத்து, தொட வேண்டாம்). நீரைச் சேமிக்கும் பருத்த தண்டையும் இலையற்ற உடலையும் வறட்சி இரு குடும்பங்களிலும் தனித்தனியே உருவாக்கியது. காலநிலை வடிவத்தைக் கேட்கிறது. அதை எந்தக் குடும்பம் கொடுக்கும் என்பது அந்நிலத்தில் முன்பே யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: வெப்பமும் மழையளவும் தெரிந்தால் தாவரவகையைச் சொல்லிவிடலாமா?

பதில்: பெரும்பாலும் சொல்லலாம். மரங்கள் ஆங்காங்கே நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளியான சவானா மட்டும் ஏமாற்றும். காடு வளரப் போதிய மழை பெய்யும் இடங்களிலும் தீயும் மேய்ச்சலும் புல்வெளியைத் தக்கவைக்கின்றன.

கேள்வி: அருகருகே ஒரே காலநிலையில் இருந்தும் உயிரினங்கள் வேறுபடும் இடம் உண்டா?

பதில்: இந்தோனேசியாவின் பாலி, லொம்போக் தீவுகள். இடையிலுள்ள நீரிணை சுமார் 35 கிலோமீட்டர்தான். 1856இல் அதைக் கடந்த பிரிட்டிஷ் இயற்கையாளர் வாலஸ், பறவைகள் சட்டென மாறுவதைக் கவனித்தார். லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பகுதிக்குரிய காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளிகள் இருந்தன. பனியூழியில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்தபோது பாலி ஆசியப் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் அங்கே புலிகூட வாழ்ந்திருந்தது. லொம்போக் நீரிணை அதைவிட ஆழமானதால் அப்போதும் வற்றவில்லை.