பின் ஆக்சில் பிராக்கெட்டில் விரிசல்: பட்டறையிலேயே மறுபடி வெல்டிங் செய்துகொள்ளலாமா?

கேள்வி: பழைய ஜீப்பின் எஞ்சினையும் பின் ஆக்சிலையும் கொடுத்து, என் சொந்த உபயோகத்துக்காக ஒரு பட்டறையில் புதிய சேஸ் கட்டிக்கொண்டேன். வண்டி கைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. திருப்பங்களில் பின்பகுதி பக்கவாட்டில் நழுவுகிறது. டயரின் உட்புறம் சேஸில் உரசிய தடம் இருக்கிறது, ஆக்சிலைப் பிடிக்கும் பிராக்கெட்டின் வெல்டிங்கிலும் விரிசல் தெரிகிறது. பட்டறைக்காரர், "கொண்டு வாங்க, ஒரு பட்டை வைத்து அடித்துத் தருகிறேன்" என்கிறார். கொண்டுபோய் விடலாமா?

பதில்: இப்போதைக்கு விட வேண்டாம். அதைவிட முக்கியம், வண்டியை ஓட்டவும் வேண்டாம். ஓட்டுவதால் ஆபத்து உண்டாகும் குறை இருப்பதை அறிந்தோ, சாதாரணக் கவனத்தில் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ ஒரு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 190-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தக் குறையால் விபத்து நேர்ந்து யாருக்கேனும் காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விரிசலை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இனி "தெரியாது" என்று சொல்ல இடமில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், ஒரு பட்டையால் தீரும் கோளாறாக எனக்குத் தோன்றவில்லை. நீளவாக்கில் செல்லும் இரண்டு இணைப்புத் தண்டுகள் மட்டுமே ஆக்சிலைப் பிடித்து, பக்கவாட்டு அசைவைத் தடுக்கப் பன்ஹார்டு ராடு (ஆக்சிலைச் சேஸுடன் குறுக்காக இணைக்கும் தண்டு) போன்ற எதுவும் இல்லையென்றால், திருப்பத்தின் விசை முழுவதும் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களிலும் பிராக்கெட்டுகளிலும் இறங்குகிறது. முதலில் வெல்டிங் ஓரத்துப் பெயின்ட் மயிரிழையாகப் பிளந்து உள்ளே துரு தெரியும். பிறகு போல்ட் துளை வட்டம் போய் நீள்வட்டமாகும். வடிவமைப்புப் பிழையா, வெல்டிங் பிழையா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, அளந்து, கையொப்பமிட்டுத் தரும் அறிக்கைதான், பட்டறைமீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால், உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

பட்டறைக்கு விடத் தயங்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆம் பிரிவின்படி, சோதனையின்றி நிர்ணயிக்க முடியாத குறையானால், ஆணையம் பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்த மாதிரியை அரைத்து, பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் ஆய்வகத்துக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? ஆகவே விரிசல், துளை, உரசல் தடம் ஆகியவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பட்டறைக்காரரின் குரல் பதிவுகளையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் தேவைப்படும். பழுதான பிராக்கெட்டை வெட்டி எடுக்க நேர்ந்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

பிறகு, குறைகளையும் பொறியாளர் அறிக்கையையும் சுட்டி, 15 நாள் அவகாசத்துடன் பட்டறைக்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். அவரே சரிசெய்ய முன்வந்தால், எந்தப் பாகம் எப்படி மாற்றப்படும், பொறியாளர் மறுபடி சோதித்த பிறகே ஏற்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கி, "என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று குறித்துக் கையொப்பமிடுங்கள். மறுத்தால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கால வரம்பு. பட்டறை விற்றது பொருள் என்றால் அது பொருளின் குறைபாடு, செய்தது வேலை என்றால் சேவைக் குறைபாடு. இரண்டையும் மாற்றுக் காரணங்களாக எழுதிவிடுவது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ஜீப்பின் பதிவுச் சான்றிதழையும் எண்ணையும் இந்தப் புதிய சேஸில் பயன்படுத்தியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. எதிர்த்தரப்பு, ஒப்பந்தமே சட்டவிரோதமானது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைக் காட்டி வாதிடும். பதிவு ஆவணங்களின் உண்மை நிலையை உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஷனைச் சீராக்கிவிட்டாலும், பதிவுச் சிக்கல் தீரும்வரை அந்த வண்டி சாலைக்கு வர முடியாது.